மகளை அவுஷ்விட்ஸுக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, இங்கே 10ஆம் வகுப்புப் படிக்கிறாள். வரும் மார்ச்சில் வகுப்போடு போலந்துக்கு, அவுஷ்விட்ஸ் முகாமைப் பார்க்க ஐந்து நாள் அழைத்துப் போகிறார்கள். அவளுக்குப் போக விருப்பம். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. சின்னதில் இருந்தே இரவில் பயந்து எழும்புகிற பிள்ளை. என் கணவர் 2009இல் வன்னியில் போரின் கடைசிவரை இருந்து தப்பி வந்தவர். அதைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. சில்வெஸ்டர் (புத்தாண்டு) இரவில் வெடிச் சத்தம் தொடங்கினால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். பள்ளிக்கூடக் கடிதத்தை நீட்டியபோது, “எங்கட சாவைப் பார்க்க யார் வந்தவை?” என்று கேட்டுவிட்டு எழும்பிப் போய்விட்டார். நான் என்ன செய்வது?
– க.த., டோர்ட்முண்ட், ஜெர்மனி

பதில்:

அன்புள்ள க.த. அவர்களுக்கு,

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது அம்மா. ஆனாலும் மகளை அனுப்பலாம். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம் என்று அந்த நினைவிடமே கேட்டுக்கொள்கிறது. உங்கள் மகள் அந்த வயதைத் தாண்டிவிட்டாள். போக வேண்டும் என்று அவளே விரும்புகிறாள் என்பது இன்னும் நல்லது. விருப்பமில்லாத பிள்ளையை, வகுப்பே போகிறதே என்று சேர்த்து அனுப்புவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

அங்கே அவள் எதைப் பார்க்கப்போகிறாள் என்று உங்களுக்கே தெரிந்தால் பாதிப் பயம் குறையும். 1940இல் போலந்து அரசியல் கைதிகளை அடைக்கத் திறந்த முகாம் அது. பின்னர் ஹோலோகாஸ்டின் (நாஜிகள் ஐரோப்பிய யூதர்களை அழித்தொழித்த இனப்படுகொலை) மிகப் பெரிய கொலைக்களம் ஆனது. சுமார் 11 லட்சம் பேர் அங்கே கொல்லப்பட்டார்கள்; அவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள். போலந்து மக்கள், ரோமா மக்கள், சோவியத் போர்க் கைதிகள் ஆகியோரும் அங்கே மாண்டார்கள். 1945 ஜனவரி 27 அன்று செஞ்சேனை உள்ளே வந்தபோது எஞ்சியிருந்தவர்கள் 7,000 பேர் அளவில்தான். 1947 முதல் அது அருங்காட்சியகம்.

பழைய செங்கல் கட்டடங்களில்தான் பிள்ளைகளுக்குக் கடினமான அறைகள் இருக்கின்றன. 4ஆம் கட்டடத்தில் பெண்களிடமிருந்து வெட்டி எடுத்த தலைமுடி, ஏறக்குறைய இரண்டு டன், கண்ணாடிக்குப் பின்னால் குவிந்து கிடக்கிறது. அங்கே படம் எடுக்க அனுமதி இல்லை. 5ஆம் கட்டடத்தில் காலணிகள், மூக்குக் கண்ணாடிகள், பெட்டிகள். அந்தப் பெட்டிகளின் மேல் வெள்ளை எழுத்தில் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். பெட்டி பிறகு திரும்பக் கிடைக்கும் என்று நம்பிய சொந்தக்காரர்கள் தங்கள் கையாலேயே எழுதியவை. சிலவற்றில் பிறந்த தேதியும் இருக்கும். மாணவர்கள் வருடத்தைக் கழித்துப் பார்த்து, அது ஒரு குழந்தையின் பெட்டி என்று கண்டுகொள்வார்கள். எல்லாப் புள்ளிவிவரமும் மறந்த பிறகும் அந்தப் பெட்டி நினைவில் நிற்கும். 27ஆம் கட்டடத்தில் யூதக் குழந்தைகள் அந்தக் காலத்தில் வரைந்த படங்களை ஒரு கலைஞர் பென்சிலால் சுவரில் பெயர்த்து வரைந்திருக்கிறார். ஒரு குழந்தையின் கண் மட்டத்தில் இருப்பதால், பெரியவர்கள் குனிந்துதான் பார்க்க வேண்டும்.

மூன்று கிலோமீட்டர் தள்ளி பிர்கனாவ் இருக்கிறது. அது பரந்த வெளி. தண்டவாளம், மரக் கொட்டகைகள், நாஜிகளே வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போன எரிப்புக் கூடங்களின் இடிபாடு. காட்சிப் பொருள் குறைவு; நடையும் குளிர்காற்றும் அதிகம். மார்ச்சில் அங்கே குளிர் கடுமையாக இருக்கும். நல்ல சப்பாத்தும் தடித்த மேலங்கியும் கொடுத்து அனுப்புங்கள். குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு மனமும் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

இனி, இத்தகைய பயணத்தில் சில பிள்ளைகள் ஏன் உடைந்துபோகிறார்கள் என்று சொல்கிறேன். பெரும்பாலும் காரணம், ஒன்றும் தெரியாமல் போய் நிற்பதுதான். வாழ்ந்த மனிதர்களைப் பற்றி எதுவும் தெரியாத பிள்ளையின் முன்னால் திடீரென்று முடிக்குவியலை வைத்தால், அதை ஏந்திக்கொள்ள அதனிடம் எதுவும் இருக்காது. ஜெருசலேமில் உள்ள யாட் வஷேம் நினைவகத்தின் கல்விப் பிரிவு ஆசிரியர்களுக்கு வலியுறுத்துவது இதைத்தான்: பிள்ளையைப் பத்திரமாக உள்ளே அழைத்துப் போக வேண்டும், பத்திரமாக வெளியே கொண்டுவர வேண்டும். ஜெர்மனியிலும் 1976இல் உருவான பொய்டெல்ஸ்பாக் உடன்பாடு (அரசியல் கல்விக்கான ஆசிரியர் நெறி) மாணவரைத் திணறடித்து ஒரு கருத்துக்குள் தள்ளக் கூடாது என்கிறது. நினைவிடங்களில் பணியாற்றும் கல்வியாளர்கள் அந்த விதியை உணர்ச்சிக்கும் பொருத்துகிறார்கள். அழவைப்பது அவர்கள் நோக்கம் அல்ல.

இன்னொன்றும் நடக்கும். அழாத பிள்ளைகள் தங்களையே சந்தேகப்படுவார்கள். ‘எனக்கு ஒன்றும் தோன்றவில்லையே, நான் கல்நெஞ்சக்காரியா?’ என்று மனதுக்குள் குமைவார்கள். பகலில் பிர்கனாவைப் பார்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டில் எதற்கோ சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டு சுற்றிப் பார்க்கிற பிள்ளைகள் உண்டு. அழுகை, மௌனம், பசி, எரிச்சல், காரணமில்லாத சிரிப்பு எல்லாமே உடம்பு பாரத்தை இறக்கி வைக்கும் வழிகள். புறப்படும் முன்பே இதை மகளிடம் சொல்லி வையுங்கள். தாய் வாயால் கேட்டது அந்த நேரத்தில் உதவும்.

உங்கள் கணவர் கேட்டது கோபத்தில் வந்த கேள்விதான், ஆனால் தவறான கேள்வி இல்லை. அதை மகள் முன்னால் மறைக்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு என்னால் முழுப் பதில் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். இன்று ஜெனீவாவில் நம்மவர்கள் நீதி கேட்டு நிற்கும்போது எடுத்துக்காட்டுகிற இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கை 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. சபையில் நிறைவேறியது. அதற்காக ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கியவர் ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர். ஹோலோகாஸ்டில் பெற்றோரையும் உறவினர் பலரையும் பறிகொடுத்தவர் அவர். உங்கள் மகள் பார்க்கப்போகும் வரலாற்றிலிருந்துதான் அந்தச் சட்டம் வந்தது.

ஒரு சாவோடு இன்னொரு சாவை நிறுத்துப் பார்க்க வேண்டாம். ஆனால் உங்கள் மகள் அங்கே நிற்கும்போது அப்பாவை நினைப்பாள். நினைக்காதே என்று யாரும் சொல்ல முடியாது. பேசப்படாமல் வீட்டுக்குள் இருக்கிற பயத்தைப் பிள்ளைகள் எப்போதும் அறிந்துதான் இருக்கிறார்கள். பூட்டிய அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவள் இத்தனை வருடமும் தானாகக் கற்பனை செய்துகொண்டிருப்பாள். அவளுடைய இரவுப் பயத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. கணவர் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. “எனக்கும் அப்படி ஒன்று நடந்தது, இப்போது பேச முடியாது, ஆனால் நீ கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை” என்கிற அளவுக்குச் சொன்னால்கூட அந்தப் பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

புறப்படுவதற்கு முன் மகளும் நீங்களும் ஒரு மாலை நடந்து வாருங்கள். உங்கள் நகரத்தின் நடைபாதைகளில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில் பித்தளைக் கற்கள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஷ்டொல்பர்ஷ்டைன் (இடறு கல்) என்பார்கள். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கிய வேலை. இன்று ஐரோப்பா முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேல் பதித்தாயிற்று. நாஜிகளால் கொண்டுபோகப்பட்ட ஒருவர் கடைசியாகத் தம் விருப்பப்படி குடியிருந்த வீட்டு வாசலில், அவர் பெயர், பிறந்த ஆண்டு, அவருக்கு நேர்ந்த முடிவு எல்லாம் அதில் இருக்கும். ஒரு கல்லை மட்டும் தேர்ந்தெடுங்கள். பாட் அரோல்சென் நகரத்து ஆவணக் காப்பகம் நாஜிகளின் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களைப் பற்றிய ஆவணங்களை இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. அந்தப் பெயர் அங்கே இருக்கிறதா என்று மகளே தேடட்டும். டோர்ட்முண்டில் ஒரு தெருவில் வாழ்ந்து, அங்கே பேக்கரியில் ரொட்டி வாங்கிய ஒருவரைத் தெரிந்துகொண்டு அவள் போனால், 11 லட்சம் என்ற எண்ணின் முன்னால் திகைத்து நிற்க மாட்டாள்.

பயணத்தின்போது பகலில் அழைக்காதீர்கள். இரவு ஒரு நேரம் பேசிவைத்துக்கொள்ளுங்கள், அவள் அழைக்கட்டும். வந்த அன்று கேள்வி கேட்காமல் பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள். சில நாள் தூக்கம் கெடும், அமைதியாக இருப்பாள், அது இயல்பு. ஒரு மாதம் கடந்தும் தூங்காமல், சாப்பிடாமல், நண்பர்களைத் தவிர்த்துக்கொண்டிருந்தால் பள்ளி உளவியலாளரிடமோ பிள்ளை மருத்துவரிடமோ தயங்காமல் அழைத்துப் போங்கள்.

கையெழுத்திடும் முன் வகுப்பாசிரியரைப் பாருங்கள். எத்தனை பாடவேளை தயாரிப்பு நடந்தது, ஒவ்வொரு மாலையும் பிள்ளைகள் உட்கார்ந்து பேச நேரம் வைத்திருக்கிறார்களா, ஓர் அறைக்குள் போகமாட்டேன் என்று பிள்ளை சொன்னால் கூட நிற்க ஆள் உண்டா என்று கேளுங்கள். கைதியாக நடித்துக் காட்டச் சொல்வது போன்ற பயிற்சி எதுவும் இருந்தால் மறுத்துவிடுங்கள். நல்ல நினைவிடக் கல்வியாளர் எவரும் அதை ஏற்பதில்லை. ஒஷ்வியென்சிம் (அவுஷ்விட்ஸ் இருக்கும் நகரத்தின் போலந்துப் பெயர்) ஊரையும் காட்டுவார்களா என்று கேளுங்கள். போருக்கு முன் அந்த ஊர் மக்களில் பாதிக்கு மேல் யூதர்கள். அவர்களுடைய தொழுகைக்கூடம் ஒன்று இன்றும் நிற்கிறது. சாவை மட்டும் காட்டி, அவர்கள் வாழ்ந்த வாழ்வைக் காட்டாத பயணம் எனக்கு அரைகுறையாகவே தோன்றும்.

பிறகு, கணவரின் சம்மதத்தோடு, அவர் போரிலிருந்து வந்தவர் என்பதையும் மகளின் இரவுப் பயத்தையும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். ஜெர்மன் பேசத் தயக்கமாக இருந்தால் பள்ளியிடம் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேளுங்கள். அந்தப் பேச்சை மகளே மொழிபெயர்க்க வேண்டாம்.