கரை காக்கும் கரங்கள்

நுழையும்முன்

விலங்குகளைக் காக்கச் சட்டங்கள் உள்ளன, துறைகள் உள்ளன, அலுவலர்கள் உள்ளனர். ஆயினும் நள்ளிரவில், ஆளரவமற்ற கடற்கரையில், மணலுக்குள் முட்டைகளைப் புதைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும் ஓர் ஆமைக்கு யார் துணை? இலாப நோக்கமற்ற தன்னார்வ அமைப்புகள் இவ்வினாவுக்கு விடையாக எழுந்தன. அவை எவ்வாறு பணியாற்றுகின்றன என்பதைக் கடல் ஆமைகளின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

பாடல் கண்ட காட்சி

கடல் ஆமை மணலில் முட்டையிடும் காட்சியைச் சங்கப் புலவர்கள் கூர்ந்து நோக்கியுள்ளனர். அகநானூற்றின் 160ஆம் பாடலை இயற்றியவர் குமுழிஞாழலார் நப்பசலையார். நெய்தல் திணைக்குரிய அப்பாடலில், சூல் முற்றிய பெண் ஆமை அடும்பங்கொடி படர்ந்த மணல்மேட்டில் முட்டைகளை மறைத்துப் புதைக்கிறது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை காவல் இருக்கிறது.

புதைக்கும் செயலைப் புலவர் கண்டவாறே அறிவியலும் உறுதிசெய்கிறது. காவல் பற்றிய செய்தி மட்டும் கவிஞரின் கற்பனை. ஆண் ஆமை முட்டைகளைக் காக்கக் கரையேறுவதில்லை. தாய் ஆமையும் குழியை மூடியவுடன் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. ஏறத்தாழ 45 முதல் 60 நாள்கள் அம்முட்டைகள் காவலின்றிக் கிடக்கின்றன. புலவர் ஆண் ஆமைக்கு அளித்த அந்தக் காவற்பணியை இன்று மனிதர்கள் ஏற்றுள்ளனர்.

எல்லை அறியாத விருந்தினர்

நம் கரைக்கு மிகுதியாக வருவது பங்குனி ஆமை. தை முதல் பங்குனி வரை இது முட்டையிடுகிறது. ஒரு குழியில் நூறு முட்டைகளுக்கு மேல் இருக்கும். ஒடிசாவின் கஹிர்மாதா, ருசிகுல்யா கடற்கரைகளில் பல்லாயிரக்கணக்கில் திரளும் இவ்வாமைகள், சோழமண்டலக் கடற்கரையில் தனித்தனியே ஆங்காங்கே கரையேறுகின்றன.

கீழவாஞ்சூர் அக்கடற்கரையில் அமைந்த ஊர். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தின் தென்கோடியில் உள்ளது. இவ்வூரைக் கடந்தால் தமிழ்நாட்டின் நாகூர். 2009ஆம் ஆண்டு முதல் இயங்கும் காரைக்கால் துறைமுகமும் இங்கேதான் இருக்கிறது. சாலையில் செல்வோர்க்குச் சோதனைச்சாவடி எல்லையைக் காட்டும். மணலில் ஊர்ந்து வரும் ஆமைக்கு அத்தகைய எல்லை இல்லை. ஒரே ஆமை ஓர் இரவு காரைக்கால் கடலிலும் மறுநாள் நாகப்பட்டினக் கடலிலும் நீந்தக்கூடும். கரையின் ஒருபுறம் புதுச்சேரி அரசின் வனத்துறையும் மீன்வளத்துறையும், மறுபுறம் தமிழ்நாடு அரசின் துறைகளும் பொறுப்பேற்கின்றன. எல்லையோரக் கடற்கரையில் நேரும் ஓர் இறப்பு யாருடைய பதிவேட்டிலும் ஏறாமல் போக வாய்ப்புண்டு. இரு பக்கமும் நடந்து சென்று எண்ணக்கூடிய, ஊரைச் சேர்ந்த மனிதர்களின் தேவை இங்கேதான் மிகுகிறது.

சட்டம் தந்த காப்பு

சென்னை கலாசேத்திராவை நிறுவிய ருக்மணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அம்முயற்சியே 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திற்கு வழிவகுத்தது. 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடல் ஆமைகளை முதல் அட்டவணையில் வைத்துக் காக்கிறது. உயிர்களிடத்து இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு கூறுகிறது.

முட்டைகளைத் தோண்டி எடுப்பவரைச் சட்டம் தண்டிக்கும். குழி எங்கே இருக்கிறது என்பதை யாரேனும் இரவில் நடந்துதான் கண்டறிய வேண்டும்.

நடந்து நடந்து வளர்ந்த பணி

இந்த நடை சோழமண்டலக் கரையின் வடபகுதியில், சென்னையில் தொடங்கியது. பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய இளம் நண்பர்களும் 1970களின் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் இரவுதோறும் ஆமைகளைத் தேடி நடந்தனர். அவர்களுள் ஒருவரான சதீஷ் பாஸ்கர், பொறியியல் படிக்கச் சென்னை வந்தவர். பின்னாளில் இந்தியக் கடற்கரைகளையும் தீவுகளையும் நடந்தே ஆராய்ந்து, நாட்டின் கடல் ஆமைகளைப் பற்றிய அடிப்படைத் தரவுகளைத் திரட்டினார்.

1988ஆம் ஆண்டு கல்லூரி மாணவர்கள் ஒன்றுகூடி மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினர். ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் சேர்கின்றனர், மூத்தோர் கற்பிக்கின்றனர், நடை நிற்கவில்லை. 2002இல் சுப்ரஜா தாரிணி நிறுவிய ட்ரீ அறக்கட்டளை மற்றொரு வழியைத் தேர்ந்தது. மீனவ இளைஞர்களையே கடல் ஆமைப் பாதுகாவலர்களாகப் பயிற்றுவித்தது. தமிழ்நாட்டு வனத்துறையும் நாகப்பட்டினம் உள்ளிட்ட கடலோர மாவட்டங்களில் பொரிப்பகங்களை நடத்துகிறது.

பணியின் நுட்பம்

ஆமையின் மீது அன்பு இருந்தால் மட்டும் இப்பணியைச் செய்துவிட முடியாது. மணலில் பதிந்த துடுப்புக்கால் தடத்தைக் கொண்டு ஆமை ஏறிய வழியையும் இறங்கிய வழியையும் பிரித்தறிய வேண்டும். மெல்லிய கோலால் மணலை அழுத்திப் பார்த்துக் குழியைக் கண்டறிய வேண்டும். இட்ட சில மணி நேரத்திற்குள் முட்டைகளைப் பொரிப்பகத்திற்கு மாற்றுவது இன்றியமையாதது. காலம் கடந்தால் கரு முட்டையோட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு இறந்துவிடும். பொரிப்பகத்தில் தாய் தோண்டிய அதே ஆழத்திலும் குடுவை போன்ற அதே வடிவிலும் குழி அமைக்கின்றனர்.

குஞ்சுகளின் பாலினத்தை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் கூடக்கூடப் பெண் குஞ்சுகள் மிகுகின்றன. ஆகவே வெப்பநிலையைக் குறித்துவைப்பதும் பணியின் ஒரு பகுதியாகும். பொரித்த குஞ்சுகளைக் கையால் கடலில் விடுவதில்லை. மணலில் ஊர்ந்து தாமே அலையை அடையச் செய்கின்றனர். கரையில் ஒளிரும் மின்விளக்குகள் குஞ்சுகளைத் திசைமாற்றி ஊர்ப்பக்கம் இழுத்துவிடும் என்பதால் அந்நேரத்தில் கரை இருளாக இருத்தல் நலம்.

இவ்வாறு சென்ற குஞ்சு பருவமடையப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். இன்று பதினொன்றாம் வகுப்பில் பயில்வோர் முப்பது வயதை நெருங்கும் காலத்தில்தான் அது தாயாகித் தான் பிறந்த கடற்பகுதியை நாடி வரும். பலனை உடனே காணமுடியாத இத்தகைய பணியை ஒருவர் தனியே தொடர்தல் அரிது. அமைப்பு என்பது இங்குத் தேவையாகிறது.

வலையும் வாழ்வும்

ஆமை நுரையீரலால் சுவாசிக்கும் உயிரினம். நீருக்குள் இழுவை வலையிலோ திருக்கை வலையிலோ சிக்கினால் மேலெழுந்து மூச்சுவிட இயலாமல் இறந்துவிடும். 2025 சனவரியில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து அதனை விசாரித்தது. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் நடைமுறையிலுள்ள மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரையாகும். மீன்களின் இனப்பெருக்கத்திற்காக வகுக்கப்பட்ட அக்காலம் தொடங்குமுன்பே ஆமைகள் முட்டையிடும் பருவம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

இதற்குத் தீர்வாக ஆமை விலக்குக் கருவி உள்ளது. வலைக்குள் பொருத்தும் கம்பிச்சட்டமான இது, இறாலை உள்ளே விட்டு ஆமையை வெளியே தள்ளுகிறது. பிடிபட்ட மீனும் இறாலும் அவ்வழியே தப்பிவிடும் என்னும் மீனவரின் கவலை புறந்தள்ளத்தக்கதன்று. டீசல் விலையும் கடனும் அவர்தம் தோள்மேல் உள்ளன. மறுபுறம், ஆமைப் பாதுகாப்பு போதாது என்று கூறி 2019இல் அமெரிக்கா இந்தியக் கடலில் பிடித்த இறாலுக்குத் தடைவிதித்தது. ஆமையின் இறப்பு இவ்வாறு மீனவரின் வருவாயையும் தாக்குகிறது. மீனவரைக் குற்றவாளியாக நிறுத்தும் அமைப்பு, கடலில் நடப்பதை அறியும் வழியை இழந்துவிடும். அவரைத் தோழராகக் கொள்ளும் அமைப்பே, வலையில் சிக்கிய ஆமையை அறுத்து விடுவித்த செய்தியைக் கேட்கும்.

இருவகை அருள்

விலங்கு நலம், வனவுயிர்ப் பாதுகாப்பு ஆகிய இரண்டும் ஒன்றெனத் தோன்றினும் வேறுவேறானவை. முன்னது ஒவ்வோர் உயிரின் துன்பத்தையும் நீக்க முனைவது. பின்னது ஓர் இனம் அழியாமல் நிலைக்க முனைவது. 1959இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு முன்னதற்குச் சான்று.

இவ்விரண்டும் கடற்கரையில் எதிரெதிரே நிற்பதுண்டு. ஆமைக்குழிகளைத் தோண்டி முட்டைகளை உண்பவற்றுள் தெருநாய்கள் முதன்மையானவை. நாயைக் கொல்லுதல் விலங்கு நலத்திற்கு ஒவ்வாது. முட்டையை இழத்தல் பாதுகாப்புக்கு ஒவ்வாது. நாய்களைக் கொல்வதற்கு மாற்றாகப் புளூ கிராஸ் வலியுறுத்திய கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் 2001இல் நாடு முழுமைக்குமான விதிகளாயின. கருத்தடையால் நாய்களின் எண்ணிக்கை குறையப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை குழிகளைக் காக்க வேலியும் பொரிப்பகமும் வேண்டும். கடற்கரையில் மீன் கழிவைக் கொட்டாதிருப்பதும் நாய்கள் அங்குத் திரள்வதைக் குறைக்கும். இரக்கம் கொண்ட இரு தரப்பினர் ஒன்றுகூடித் திட்டமிட்டால் இரண்டு உயிர்களையும் காக்கலாம்.

நம் பங்கு

தன்னார்வ அமைப்புகள் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு பெற்று இயங்குகின்றன. பெறும் நன்கொடைக்கு அவை கணக்குக் காட்ட வேண்டும். செய்த பணிக்கு ஆண்டுதோறும் எண்ணிக்கை காட்டும் அமைப்பையே நம்புதல் வேண்டும். நடந்த இரவுகள், கண்ட குழிகள், பொரித்த குஞ்சுகள், இறந்து ஒதுங்கிய ஆமைகள் ஆகிய நான்கையும் மறைக்காமல் எழுதிவைக்கும் குறிப்பேடே அதன் பெருஞ்செல்வம். அரசுக்கும் ஆய்வாளர்க்கும் அது சான்றாகிறது. கடலோர ஊர்களில் பயிலும் மாணவர்கள் இத்தகைய குறிப்பேட்டைத் தம் பள்ளியிலேயே தொடங்கலாம். இறந்த ஆமையைக் கண்டால் தொடாமல், நாளையும் இடத்தையும் குறித்து வனத்துறைக்குத் தெரிவித்தல் முதற்படியாகும்.

தெரியுமா?

இந்தியக் கடல்களில் ஐந்து வகைக் கடல் ஆமைகள் காணப்படுகின்றன. பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை என்பன அவை. இவற்றுள் ஏழுவரி ஆமையே மிகப் பெரியது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் உயிரினங்களைக் காக்கும் தன்னார்வலர் ஒருவரைச் சந்தித்து, அவரது ஒருநாள் பணியைக் குறிப்பேட்டில் எழுதுக.
2. ‘மீனவரின் வாழ்வும் ஆமையின் வாழ்வும்’ என்னும் பொருளில் இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.
3. அகநானூற்றின் 160ஆம் பாடலை உரையுடன் படித்து, அதில் காணும் நெய்தல் நிலக் கருப்பொருள்களைத் தொகுக்க.