பட்டாளத்து லீவு: ஊர் சொல்வதும் விதி சொல்வதும்

வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் போலத் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்களில், ஒரு சந்தேகம் என்றால் கேட்டுத் தெளிய முன்னாள் படைவீரர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். முதல் தலைமுறையாகப் பிள்ளையை அனுப்பிய குடும்பத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தங்கை கல்யாணத்துக்கு வருவானா, அப்பாவின் ஆபரேஷனுக்கு விடுவார்களா என்று தவிக்கும் நேரத்தில் யாரோ சொன்னதை நம்பி ஏதாவது செய்துவிடுகிறார்கள். சில சமயம் அதில் பிள்ளையின் வேலையே போய்விடுகிறது. இந்தியத் தரைப்படையின் லீவு பற்றி ஊரில் உலவும் நம்பிக்கைகள் சிலவற்றை விதிகளோடு வைத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: மிலிட்டரியில் லீவே கிடைக்காது.

உண்மை: சிப்பாய்க்கும், சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.வுக்கும் ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. அதிகாரிகளுக்கு ஆண்டு விடுப்பு அதே 60 நாள். தற்செயல் விடுப்பு 20 நாள். கணக்கில் பார்த்தால் பெரும்பாலான சிவில் வேலைகளைவிட அதிகம்.

இரண்டு விடுப்பும் ஒன்றல்ல. தற்செயல் விடுப்பு பணிக்காலமாகவே கருதப்படும். அந்த ஆண்டுக்குள் எடுக்காவிட்டால் டிசம்பரோடு காலாவதியாகும். ஆண்டு விடுப்பில் எடுக்காமல் விட்டதை, நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆண்டுக்கு 30 நாள் வரை சேர்த்துவைக்கலாம். ஓய்வுபெறும்போது அதிகபட்சம் 300 நாளுக்குப் பணமாகப் பெறலாம்.

2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களின் கணக்கு வேறு. அக்னிவீரருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. மருத்துவர் பரிந்துரைத்தால் நோய் விடுப்பு தனி. “என் மாமா ரெண்டு மாசம் வந்து இருப்பாரே” என்று பழைய சிப்பாயோடு அக்னிவீரரை ஒப்பிடுவதில் பொருளில்லை.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற படைகளையும் ஊரில் மிலிட்டரி என்றே சொல்கிறோம். அவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. அவற்றின் விடுப்பு விதிகளும் வேறு. பக்கத்து வீட்டுப் பையனின் லீவை வைத்து நம் வீட்டுப் பையனின் லீவைக் கணக்கிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

நம்பிக்கை 2: கணக்கில் நாள் இருக்கிறது, கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

உண்மை: படைவீரர் விடுப்பை உரிமையாகக் கோர முடியாது. பணியின் தேவைக்கு உட்பட்டே அது வழங்கப்படும். மறுக்கவும், தள்ளிவைக்கவும், கொடுத்ததைத் திரும்பப் பெறவும் அதிகாரம் உண்டு. அதனாலேயே அது மேலதிகாரியின் தயவு என்றும் ஆகிவிடாது. யூனிட்டில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் வெளியே இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் எல்லோருக்கும் முறை வரும்படி ஆண்டுத் தொடக்கத்திலேயே லீவுத் திட்டம் போடுகிறார்கள். கம்பெனி கமாண்டரின் பரிந்துரையோடு விண்ணப்பம் மேலே போகிறது.

பொங்கல் லீவு கிடைப்பது ஏன் அரிது என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. நீலகிரியின் வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் தென்மாநிலத்தவர்தான் நிறைந்திருக்கிறார்கள். நமக்குப் பொங்கல் வரும் நாளில்தான் ஆந்திர, தெலங்கானா, கர்நாடக வீரர்களுக்குச் சங்கராந்தி. எல்லோரும் ஒரே வாரத்தைக் கேட்கிறார்கள். எல்லோரையும் அனுப்பிவிட்டு எல்லையைக் காலியாக வைக்க முடியாது. பல மாநிலத்தவரும் கலந்திருக்கும் யூனிட்டில், தீபாவளிக்கு ஊர் போகிறவரின் பாராவை நம் பிள்ளை ஏற்றுக்கொண்டால் பொங்கலுக்கு அவர் கைகொடுப்பார்.

எனவே கல்யாணமோ காதுகுத்தோ, தேதி குறித்த வாரமே பிள்ளைக்குத் தெரிவியுங்கள். முடிந்தால் தேதி குறிக்கும் முன்பே அவரிடம் கேளுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு “எப்படியாவது வந்துடு” என்று சொல்வது அவர்மேல் தாங்க முடியாத பாரத்தை ஏற்றுவதாகும்.

நம்பிக்கை 3: “அம்மா சீரியஸ்” என்று தகவல் கொடுத்தால் உடனே விட்டுவிடுவார்கள்.

உண்மை: 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்படும்வரை இதற்குத் தந்தி பயன்பட்டது. இப்போது வாட்ஸ்அப். பொய்த் தகவலின் முதல் கேடு, அது மெய்த் தகவலையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குவது. ஒரு யூனிட்டில் ஒருவர் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால், அடுத்த மாதம் உண்மையிலேயே தாயை இழக்கப்போகிற இன்னொருவரின் வார்த்தைக்கும் மதிப்புக் குறைகிறது. போலிச் சான்று கொடுத்தது தெரிந்தால் அதுவே தனிக் குற்றமாகிவிடும்.

உண்மையான அவசரத்துக்கு வழி இருக்கிறது. எதிர்பாராத தேவைக்கென்றே தற்செயல் விடுப்பு உள்ளது. அந்த ஆண்டின் விடுப்பு தீர்ந்துபோயிருந்தாலும், பரிவின் அடிப்படையில் அடுத்த ஆண்டு விடுப்பிலிருந்து முன்கூட்டியே வழங்கவும் இடமுண்டு. குடும்பம் செய்ய வேண்டியது, மருத்துவமனையின் பெயர், நோயாளியின் நிலை, மருத்துவரின் கடிதம் ஆகியவற்றைத் தாமதிக்காமல் அனுப்புவதுதான். தயங்காமல் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும் அணுகுங்கள். பெயரில் ‘முன்னாள்’ இருந்தாலும், பணியில் இருப்பவரின் குடும்பத்துக்கும் உதவ வேண்டிய அலுவலகம் அது.

நம்பிக்கை 4: எம்.எல்.ஏ. கடிதம் கொடுத்தால் வேலை நடக்கும்.

உண்மை: வெளிச் செல்வாக்கைக் கொண்டு காரியம் சாதிக்க முயல்வதை ராணுவம் ஒழுங்கீனமாகப் பார்க்கிறது. அந்தக் கடிதத்தால் பிள்ளைக்குக் கெட்ட பெயர் வரும். மருத்துவரின் கடிதத்துக்கு உள்ள மதிப்பு எம்.எல்.ஏ. கடிதத்துக்கு இல்லை.

நம்பிக்கை 5: வந்தது வந்தாய், இன்னும் பத்து நாள் இருந்துவிட்டுப் போ, போனதும் ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

உண்மை: இந்த அன்பான வார்த்தையைப் போல ஆபத்தானது வேறில்லை. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, போதிய காரணமின்றி லீவு முடிந்தும் திரும்பாமல் இருப்பது குற்றம். ராணுவ நீதிமன்றம் மூன்றாண்டு வரை சிறை விதிக்கலாம். சிறிய தாமதம் என்றால் கமாண்டிங் ஆபீசரே விசாரித்து 28 நாள் வரை காவல் தண்டனை தரலாம். அனுமதியின்றி இல்லாத நாட்களுக்குச் சம்பளமும் பிடிக்கப்படும். இவை எல்லாம் சேவைப் பதிவில் ஏறி, பின்னால் பதவி உயர்வின்போது எதிரே வந்து நிற்கும்.

முப்பது நாள் கடந்தால் விஷயம் முற்றிவிடுகிறது. 106ஆம் பிரிவின்படி விசாரணை மன்றம் கூடி, அனுமதியின்றி இல்லாததைப் பதிவுசெய்யும். அதன் பிறகும் அவர் சரணடையாமலும் பிடிபடாமலும் இருந்தால், படையை விட்டு ஓடியவராகவே சட்டம் அவரைக் கருதும். உள்ளூர்ப் போலீசுக்குத் தகவல் போகும்; அவர்கள் வீடு தேடி வருவார்கள். ஓடிப்போன குற்றத்துக்குச் சாதாரணமாக ஏழாண்டு வரை சிறை. போர்ப்பணியில் இருக்கும்போது ஓடினால் மரண தண்டனை வரைக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது.

2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்றை எல்லாப் படைவீரர் குடும்பங்களும் அறிந்திருக்க வேண்டும். 1983இல் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் 1998 நவம்பரில் 39 நாள் லீவில் ஊருக்குப் போனார். நீட்டிப்புக் கேட்டார், யூனிட்டும் இரக்கப்பட்டு, அடுத்த ஆண்டு விடுப்பிலிருந்து 30 நாள் கொடுத்தது. அதுவும் முடிந்த பிறகு அவர் திரும்பவில்லை. மனைவிக்குக் கடும் நோய் என்பது அவர் சொன்ன காரணம். 108 நாள் கழித்துச் சரணடைந்தார். அதற்கு முன்பும் இப்படித் தாமதித்துத் தண்டனை பெற்றிருந்தார். பணிநீக்கம் செய்யப்பட்டார், பணிநீக்கம் சரியே என்றது உச்ச நீதிமன்றம். அவருக்கு ஒருமுறை நீட்டிப்புக் கிடைத்ததை மறந்துவிட வேண்டாம். முறையாகக் கேட்டபோது அமைப்பு இரங்கியது. கேளாமல் தங்கியதுதான் அவரை வீழ்த்தியது.

நீட்டிப்புத் தேவையானால் லீவு முடிவதற்கு முன்பே யூனிட்டுக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊருக்கு வரும்போதே திரும்பும் டிக்கெட்டையும் உறுதிசெய்துகொள்வது நல்லது. கன்னியாகுமரியிலிருந்து கத்ராவுக்குப் போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறைதான் ஓடுகிறது. பயணமே ஏறத்தாழ மூன்று நாள். ஒரு ரயிலைத் தவறவிட்டால் மீள்வது கடினம்.

நம்பிக்கை 6: ஊரில் காய்ச்சல் கண்டால் தெரிந்த டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கினால் போதும்.

உண்மை: லீவில் நோய்வாய்ப்பட்டால் முதலில் யூனிட்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். பயணம் செய்ய முடிந்தால் சென்னை, வெலிங்டன் போன்ற இடங்களில் உள்ள ராணுவ மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது இயலாதபோது அரசு மருத்துவமனையில் சேர்ந்து, அதன் ஆவணங்களை அனுப்ப வேண்டும். ‘போதிய காரணம்’ இருந்தது என்று காட்ட வேண்டிய நாளில் பேசப்போவது அந்த ஆவணங்கள்தான். தேதியைப் பின்னால் போட்டு வாங்கிய ஒரு தாள் அங்கே நிற்காது.

நம்பிக்கை 7: லீவு மறுத்தால் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம்.

உண்மை: படைவீரர்களின் பணி சார்ந்த வழக்குகளுக்காக ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையிலும் அதன் கிளை உண்டு. ஆனால் அதை உருவாக்கிய 2007ஆம் ஆண்டுச் சட்டமே, எவ்வகை விடுப்பும் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வராது என்று விலக்கிவைத்திருக்கிறது.

வழி படைக்குள்ளேயே இருக்கிறது. தமக்கு அநீதி நடந்ததாகக் கருதும் சிப்பாய் கம்பெனி கமாண்டரிடம் முறையிடலாம். புகார் அவர் மீதே என்றால் அவருக்கு மேலுள்ள அதிகாரியிடம் போகலாம். ராணுவச் சட்டத்தின் 26ஆம் பிரிவு தரும் உரிமை இது. புகாரைப் பெற்றவர் இயன்ற அளவு முழுமையாக விசாரிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கட்டளையிடுகிறது. மற்றபடி கம்பெனி கமாண்டரின் நேர்காணலும் கமாண்டிங் ஆபீசர் வீரர்களைக் கூட்டி நடத்தும் சைனிக் சம்மேளனும் மனம் திறந்து பேசுவதற்கான இடங்கள். வாய் திறக்காமல் உள்ளுக்குள் புழுங்குவதைவிட எழுந்து நின்று சொல்வது மேல். விடுப்பு மறுக்கப்படுவது வீரர்களின் மனத்தை எப்படி அழுத்தும் என்பதை அரசும் அறியும். படையினரின் மனஉளைச்சலைக் குறைக்க எடுத்த நடவடிக்கைகளில் தாராளமான விடுப்புக் கொள்கையையும் சேர்த்தே பாதுகாப்பு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

நம்பிக்கை 8: நிலத் தகராறு வழக்கு என்றால் லீவு கிடைக்காது, எதிராளி ஜெயித்துவிடுவான்.

உண்மை: பங்காளிச் சண்டையும் வரப்புத் தகராறும் படைவீரர் குடும்பங்களைத் துரத்தும் பெருந்தொல்லை. சட்டம் இங்கே அவர் பக்கம் துணை நிற்கிறது, தெரிந்தவர்கள்தான் குறைவு. ராணுவச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி, வழக்குக்காக லீவு கேட்டிருக்கிறார் அல்லது பெற்றிருக்கிறார் என்ற சான்றிதழை உரிய ராணுவ அதிகாரியிடம் வாங்கி மனுச் செய்தால், கூடியவரை அந்த லீவுக் காலத்துக்குள்ளேயே விசாரித்து முடிக்க நீதிமன்றம் ஏற்பாடு செய்ய வேண்டும். போர்முனை போன்ற சிறப்புச் சூழலில் இருந்து வர இயலாதவருக்கு, 1925ஆம் ஆண்டு இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அவர் இல்லாத நேரத்தில் ஒருதலையாகத் தீர்ப்பாகாமல் வழக்கை நிறுத்திவைக்க அதில் வழி உண்டு. உங்கள் வழக்கறிஞரிடம் இந்த இரண்டையும் கட்டாயம் சொல்லுங்கள்.

நம்பிக்கை 9: லீவில் வந்துவிட்டால் யாரும் கூப்பிட முடியாது.

உண்மை: கூப்பிடலாம். தம் படைப்பிரிவு போர்ப்பணிக்கு அழைக்கப்பட்டதாக உரிய அதிகாரியிடமிருந்து தகவல் கிடைத்தும், போதிய காரணமின்றித் தாமதிப்பது 39ஆம் பிரிவின்படி குற்றம். 1999 கார்கில் போரின்போது லீவில் இருந்த பலர் பாதியில் திரும்பினார்கள். ஊரில் இருக்கும்போது தொடர்பு எண்ணை யூனிட்டுக்குக் கொடுத்துவைப்பதும், போனை அணைக்காமல் இருப்பதும் கடமையின் பகுதி.

நம்பிக்கை 10: பெண் வீரர்களில் அதிகாரிகளுக்கு மட்டுமே பேறுகால விடுப்பு.

உண்மை: 2023 நவம்பரில் அந்த வேறுபாடு நீங்கியது. பேறுகாலம், குழந்தை வளர்ப்பு, தத்தெடுப்பு விடுப்புகள் முப்படைகளிலும் எல்லாப் பதவிநிலைப் பெண்களுக்கும் அதிகாரிகளுக்கு உள்ளபடியே வழங்கப்படும். பேறுகால விடுப்பு முழுச் சம்பளத்தோடு 180 நாள்.

படைவீரர் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் முகவரி என்று கேட்டால் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக எண்ணோடு நின்றுவிடுகிற வீடுகள் நிறைய. அவருடைய படை எண், பதவி, கம்பெனி, யூனிட்டின் பெயர், அவசரத்தில் அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். நல்ல காரியத்தை முன்கூட்டிச் சொல்லுங்கள். கெட்ட செய்தியை மறைக்காமல் உடனே சொல்லுங்கள். பொய்யை ஒருபோதும் சொல்லாதீர்கள். லீவு முடிகிற நாளில், கண்ணைத் துடைத்துக்கொண்டாவது, அவரை நேரத்தோடு ரயிலேற்றி அனுப்புங்கள். அவர் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தால்தான், ஊருக்குப் புறப்படக் காத்திருக்கும் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு முறை வரும்.