இரவில் ஓடும் வேலைகள்: மருமகளுக்கு ஒரு கடிதம்

தம்பலகாமம்

அன்புள்ள பிள்ளைக்கு,

கொழும்பில் வங்கியின் கணினிப் பிரிவில் வேலை கிடைத்ததாக நீ சொன்னபோது வீடே சந்தோஷப்பட்டது. ஆனால் கதைத்து முடிக்கும்போது, "பேட்ச் பகுதியில் போட்டிருக்கிறார்கள் மாமா. எல்லாவற்றையும் ஷெட்யூலரே செய்கிறதாம், நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதுமாம். இதில் நான் என்ன பழகப்போகிறேன்?" என்று கேட்டாய். தொலைபேசியில் அவசரமாகச் சொல்லக்கூடிய பதில் இல்லை இது. அப்படியான அறைகளில் இரவுப் பணி பார்த்தே தலை நரைத்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கிளைகள் பூட்டிய பிறகுதான் வங்கி தன் நாளை முடிக்கத் தொடங்குகிறது. வட்டி கணக்கிட வேண்டும், கடன் தவணைகளைக் கழிக்க வேண்டும், பேரேட்டைச் சமன்செய்ய வேண்டும், பக்கப் எடுக்க வேண்டும், கடைசியாக வங்கியின் திகதியை அடுத்த நாளுக்கு நகர்த்த வேண்டும். இதைத்தான் 'டே எண்ட்' என்பார்கள். இதிலுள்ள ஒவ்வொரு சிறு பகுதியும் ஒரு ஜொப். பெரிய வங்கியொன்றில் ஓர் இரவுக்குள் ஆயிரக்கணக்கான ஜொப்கள் ஓடி முடியும். எது எப்போது தொடங்கலாம், எது எதற்காகக் காத்திருக்க வேண்டும், விழுந்தால் யாரை எழுப்ப வேண்டும் என்பதையெல்லாம் கண்ட்ரோல்-எம், ஆட்டோசிஸ் போன்ற ஷெட்யூலர்கள் பார்த்துக்கொள்கின்றன.

பிள்ளை, உடனடிப் பணமாற்றம் வந்த பிறகும் பேட்ச் எனும் இந்தத் தொகுதி வேலை ஒழியவில்லை. இலங்கையில் 2015இல் செஃப்ட்ஸ் என்ற உடனடிப் பணமாற்ற முறை வந்து, அனுப்பிய காசு அந்த நிமிடமே போய்ச் சேர்கிறது. அப்படியிருந்தும் சம்பளம் போலப் பல பேருக்கு ஒரே நாளில் போகும் காசு ஸ்லிப்ஸ் என்ற தொகுதி முறை வழியாகக் கட்டுக்கட்டாகத்தான் போகிறது. இந்தியாவின் நெஃப்ட் பணமாற்ற முறை 2019 டிசெம்பர் 16 முதல் இரவு பகலாக இயங்குகிறது. உள்ளே அதுவும் அரை மணிக்கொரு தொகுதி, நாளொன்றுக்கு 48. எனவே நீ போயிருப்பது பழைய பிரிவு என்று யாராவது சொன்னால் மனம் தளராதே.

இனி உனக்கு முதலில் விளங்க வேண்டியது: நேரத்தை நம்பி வேலையைக் கட்டாதே, நிபந்தனையை நம்பிக் கட்டு.

யுனிக்ஸ் கணினிகளில் 1970களிலிருந்தே கிரோன் என்று ஒன்று இருக்கிறது. நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை என்று ஐந்தைக் குறித்துவிட்டால் அந்த நேரத்தில் ஜொப்பைத் தொடக்கிவிடும். அதற்குத் தெரிந்தது கடிகாரம் மட்டுமே. ஒரு கோப்பு வழக்கமாக ஒன்றரை மணிக்கு வரும், எனவே ஜொப்பை இரண்டு மணிக்கு வைப்போம் என்று யாரோ எழுதிவைத்திருப்பார். ஒருநாள் கோப்பு இரண்டே காலுக்கு வரும். ஜொப் இரண்டு மணிக்கே எழும்பி, அங்கே கிடக்கும் நேற்றைய கோப்பை எடுத்து ஓட்டிவிட்டு, பிழையில்லை என்பதற்கு அடையாளமான பூச்சியத்தைத் திருப்பித் தந்துவிடும். திரையில் பச்சை எரியும். பிழையை யாராவது வாடிக்கையாளர்தான் மறுநாள் கண்டுபிடிப்பார். விழுந்த ஜொப் உன்னை எழுப்பும். பிழையான தரவோடு வெற்றியாக முடிந்த ஜொப் ஒருவரையும் எழுப்பாது, அதற்குத்தான் நீ கூடப் பயப்பட வேண்டும். கோப்பு வந்துவிட்டதா, இன்றைய திகதிதானா, அதன் கடைசி வரியில் சொல்லியிருக்கும் எண்ணிக்கையும் தொகையும் உள்ளே இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த ஜொப்பை விடுமாறு ஷெட்யூலரிடம் சொல்லலாம். நல்ல ஷெட்யூலரை வாங்குவது இதற்காகத்தான்.

இதை நீ புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளையும் ஊரில் பிறந்தவள் நீ. போகத் தொடக்கத்தில் பயிர்ச்செய்கைக் கூட்டம் போடுவார்கள், உன் அப்பாவும் போவார். வாய்க்கால் துப்புரவு முடியும் திகதி, மாடுகளை வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்தும் திகதி, முதல் தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பை முடிக்கும் திகதி எல்லாம் அங்கே தீர்மானமாகும். ஆனால் திகதி வந்துவிட்டது என்பதற்காக வாய்க்கால் அடைபட்டிருக்கும்போது தண்ணீர் திறந்தால் என்ன நடக்கும்? மேற்கண்டத்தில் கரை உடையும், கீழ்க்கண்டத்துக்குச் சொட்டும் வராது. தண்ணீர் விடுவதைப் பார்க்கும் வட்டவிதானையார் வாய்க்காலோரம் நடந்துபார்த்துச் சொன்ன பிறகுதான் அடுத்த வேலை. மேலே ஒருநாள் பிந்தினால் கடைசி வயலுக்கு எத்தனை நாள் பிந்தும் என்று எங்கள் ஆட்களுக்கு விரல்நுனியில் தெரியும். பேட்ச் வேலையிலும் அந்தக் கணக்கைத்தான் போட வேண்டும். கிளை திறக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடு: இந்த ஜொப் எத்தனை மணிக்குள் முடியாவிட்டால் காலையில் கதவு திறக்க முடியாது? அந்தச் சங்கிலியிலுள்ள ஜொப்களைப் பாடமாக்கிக்கொள். மற்றவை அரை மணி பிந்தினாலும் நீ பதற வேண்டியதில்லை.

அடுத்தது நாட்காட்டி. வெளிநாட்டில் செய்த மென்பொருளுக்கு எங்கள் பூரணை விடுமுறை தெரியாது. மாதாமாதம் வேறு திகதியில் வரும் பூரணை, வெசாக்குக்கு இரண்டு நாள், பிறை பார்த்து முடிவாகும் பெருநாள்கள் என எல்லாவற்றையும் வருடாவருடம் யாரோ ஒருவர் கையால் ஏற்ற வேண்டும். ஏற்றிய பிறகும் மாறும். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்காக ஜூன் 30ஐ விசேட வங்கி விடுமுறையாக்கினார்கள். முதல் நாள் ஹஜ் பெருநாள், பின்னால் சனி, ஞாயிறு, அதன் பின் ஜூலை 3 எசல பூரணை. ஐந்து நாள் தொடர்ந்து வங்கிகள் பூட்டியிருந்தன. ஜூன் 30 என்றால் அரையாண்டு முடிவு. அரையாண்டுக் கணக்கு ஜொப்கள் வந்து நிற்கும் நாள். அது திடீரென்று வேலைநாள் இல்லை என்றானால் எந்த ஜொப் ஓட வேண்டும், எது நிற்க வேண்டும்? "கடைசி வேலைநாள்" என்று எழுதிய ஜொப்பும் "மாதத்தின் கடைசி நாள்" என்று எழுதிய ஜொப்பும் அன்றைக்கு வெவ்வேறு நாளில் ஓடும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்தவர் அறையில் ஒருவராவது இருக்க வேண்டும், அது நீயாக இரு.

கடிகாரமும் இங்கே ஒழுங்காக ஓடியதில்லை. மின்சாரத் தட்டுப்பாட்டில் 1996 மே 25 அன்று இலங்கை நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள்; நள்ளிரவு 12 மணி 1 மணியானது, அன்றைக்கு 12.30 என்ற நேரமே வரவில்லை. 2006 ஏப்ரல் 15 அதிகாலையில் அரை மணி பின்னே எடுத்தார்கள், 12.15 இரண்டு தடவை வந்தது. அந்த வேளையில், நேரத்தை மட்டும் பார்த்து ஓடும் ஜொப்புக்கு முதல் நாளில் ஓட நேரமே இல்லை, இரண்டாவதில் இரட்டிப்பு நேரம்.

இரண்டு தடவை ஓடுவது சின்ன விஷயமல்ல. பிரித்தானியாவின் சன்டான்டெர் வங்கியில் 2021 நத்தார் அன்று, அட்டவணைக் கோளாறொன்றால் ஏறத்தாழ 75,000 கொடுப்பனவுகள் இரண்டாவது தடவையும் போயின. தொகை 13 கோடி பவுண். காசு பெற்றவர்களில் பலர் வேறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள், திருப்பி எடுப்பது வங்கிக்குப் பெரும்பாடாயிற்று. எனவே விழுந்த ஜொப்பை மறுபடி ஓட்டும்முன் ஒரு கேள்வி கேள்: இது பாதியில் நின்றதா, முழுதும் செய்துவிட்டு முடிவைச் சொல்லும்போது விழுந்ததா? மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடருமா, முதலிலிருந்தா? ஒவ்வொரு முக்கிய ஜொப்புக்கும் இதற்கான பதில் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதியவரைத் தேடிப் பகலிலேயே கேட்டு எழுதிவை. இரவு இரண்டு மணிக்கு ஊகிக்க முடியாது.

உன் கையில் தரப்போகும் கட்டளைகளையும் அறிந்துகொள். ஆட்டோசிஸில் ஒரு ஜொப்பை நிறுத்த இரண்டு வழி உண்டு. 'ஒன் ஹோல்ட்' போட்டால் அந்த ஜொப் நிற்கும், அதை எதிர்பார்த்திருப்பவையும் நிற்கும். 'ஒன் ஐஸ்' போட்டால் அந்த ஜொப் மட்டும் ஓடாது. பின்னால் இருப்பவை, அது வெற்றியாக முடிந்ததுபோல் எடுத்துக்கொண்டு ஓடிவிடும். அறிக்கை அச்சிடும் ஜொப்பை ஐஸில் போட்டால் ஒருவருக்கும் நட்டமில்லை. வட்டி ஜொப்பை ஐஸில் போட்டால் வட்டி சேராத கணக்கோடு பேரேடு மூடப்படும். திரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தெரிவுகள்தான். அதேபோல் கண்ட்ரோல்-எம்மில் விழுந்த ஜொப்பைக் கையால் 'ஓகே' ஆக்கலாம். சிவப்பு மறைந்துவிடும், வேலை நடந்திருக்காது. அந்தத் தெரிவை அழுத்தும்போது உன் பெயரையும் காரணத்தையும் பதிவேட்டில் எழுது. காரணம் எழுத வரவில்லை என்றால் அழுத்தாதே.

ஷெட்யூலரே விழுந்தால் என்னாகும் என்பதற்குப் பிரித்தானியாவின் ஆர்பிஎஸ் வங்கியின் கதை இருக்கிறது. 2012 ஜூன் 17, ஞாயிறு, பேட்ச் ஷெட்யூலரை மேம்படுத்தினார்கள். அடுத்த நாள் சிக்கல் தெரிந்தது. 19ஆம் திகதி புதிய பதிப்பைக் கழற்றிப் பழையதற்குத் திரும்பினார்கள். திரும்பினால் என்ன நடக்கும் என்று முன்பே சோதிக்கவில்லை. பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒத்துப்போகவில்லை. எது ஓடியது, எது ஓடவில்லை என்ற ஒழுங்கே குலைந்தது. ஆர்பிஎஸ், நாட்வெஸ்ட், அல்ஸ்டர் வங்கிகளின் 65 இலட்சத்துக்கும் மேலான வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அல்ஸ்டர் வங்கி சீராக ஜூலை வரை ஆனது. 2014 நவம்பரில் அந்நாட்டின் இரண்டு நிதி ஒழுங்குபடுத்தும் அமைப்புகள் சேர்ந்து விதித்த அபராதம் 5.6 கோடி பவுண். முன்னே போகும் வழியைச் சோதித்துப் பார்ப்பவர்கள் பின்னே வரும் வழியையும் அதே அக்கறையோடு சோதிக்க வேண்டும். உன் பிரிவில் மேம்படுத்தல் கூட்டம் நடக்கும்போது, புதிய ஆள் என்று கூச்சப்படாமல், "திரும்பி வருவதை ஓட்டிப் பார்த்தோமா?" என்று கேள்.

எல்லாவற்றையும் தானியக்கமாக்கிவிடும் ஆசையும் உனக்கு வரும், வரட்டும். ஆனால் விளங்கியதை மட்டும் தானியக்கமாக்கு. ஏன் விழுகிறது என்று தெரியாத ஜொப்புக்கு "மூன்று தடவை தானாக மறுபடி ஓடு" என்று எழுதுவது வருத்தத்தை மறைப்பது. இரவில் நூறு எச்சரிக்கை வந்து தொண்ணூறு வெறும் சத்தம் என்றால், மிச்சப் பத்தையும் ஆட்கள் பார்க்கமாட்டார்கள். தேவையில்லாதவற்றை அடக்குவதும் உன் வேலைதான்.

எங்கள் ஊரில் ஓய்வூதியம், ஆசிரியர் சம்பளம், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, உரமானியம் எல்லாம் இப்போது வங்கிக் கணக்குக்குத்தான் வருகின்றன. அந்தக் காசை நம்பிக் கடையில் கடன் சொல்லி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஷெட்யூலர் என்ற சொல் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. குறித்த நாளில் காசு விழுந்திருந்தால் போதும். அந்த நம்பிக்கையைக் காப்பது மரியாதையான உத்தியோகம்.

முதல் மாதத்தில் ஒன்று செய். சம்பளக் கோப்பை எடுத்து, அது வங்கிக்குள் நுழையும் இடத்திலிருந்து கணக்கில் விழும் இடம்வரை உள்ள ஜொப்களைத் தாளில் வரை. ஒவ்வொன்றின் கீழும் நான்கு பதில் எழுது: எதற்காகக் காத்திருக்கிறது, எது இதற்காகக் காத்திருக்கிறது, மறுபடி ஓட்டலாமா, விழுந்தால் யாரைக் கேட்பது. முடித்ததும் படத்தை மூத்தவர் ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்கு. பிறகு அடுத்த சங்கிலியை எடு. ஒரு வருடத்தில் வங்கி எப்படி இயங்குகிறது என்பதை, பகலில் வேலை செய்யும் பலரைவிட நீ நன்றாக அறிந்திருப்பாய். நாளை வேறு மென்பொருளுக்கோ வேறு நிறுவனத்துக்கோ போனாலும் அந்த அறிவு உன்னோடு வரும்.

அன்புடன்,
மாமா