அணுமின் வரிச்சலுகையும் பம்புசெட்டும்

கேள்வி: அமெரிக்காவில் அணுமின் முதலீட்டுக்கு வரிச்சலுகை என்கிறார்களே, இங்கேயும் வருமா? எங்களைப் போன்ற நெல் விவசாயிகளுக்கு அதில் என்ன?
– வாசகர், ஒரத்தநாடு

பதில்: அங்கே 2022 சட்டப்படி, புதிய அணுமின் நிலையத்தில் போடும் முதலீட்டில் 30 சதவீதம் வரை, கட்டவேண்டிய வரியிலேயே கழித்துக்கொள்ளலாம். 2025இல் காற்றாலை, சூரிய மின்சாரத்துக்கான சலுகையைச் சீக்கிரமே முடிக்க வழிசெய்தார்கள். அணுமின்சாரத்துக்கு அவகாசம் கூடுதல்.

இங்கே அப்படி ஒரு கழிவு இல்லை. மின் உற்பத்தியாளர்களின் லாபத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 80-ஐஏ பிரிவு தந்த பத்தாண்டு விலக்கும், 2017 மார்ச் 31க்குப் பிறகு உற்பத்தி தொடங்கியவர்களுக்குக் கிடையாது. கூடங்குளம் அரசு நிறுவனத்துடையது, ரஷ்யக் கடனும் சேர்ந்தது. ஆனால் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அணுமின் துறையில் தனியாருக்கும் கதவைத் திறந்துவிட்டது. இனி சலுகை கேட்டு வருவார்கள்.

கொடுக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் விட்டுக்கொடுத்த வரி, யூனிட் விலையில் குறைந்தே ஆகவேண்டும். அதை ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும். மேட்டூர் திறக்குமுன் குறுவைக்கு நாற்றுவிட நீங்கள் ஓட்டும் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம்; அதற்கான மானியத்தை மின்வாரியத்துக்குத் தருவது மாநில அரசு. வாங்கும் விலை ஏறினால் அந்தச் சுமையும் ஏறும். சலுகை கொடுத்தால் அது யூனிட் விலையில் குறையுமா என்று உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள்.