காய்ச்சல் விட்ட பிறகும் கால் ஏன் எழவில்லை?



சென்ற மழைக்காலத்தில் நம் மஹல்லாவைச் சேர்ந்த 62 வயதுப் பெரியவர் ஒருவர் ஃப்ளூ காய்ச்சலில் பன்னிரண்டு நாள் படுத்துவிட்டார். காய்ச்சல் விட்டது. ஆனால் ஸஜ்தாவிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. கழிப்பறையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஓர் ஆள் வேண்டும். நலம் விசாரிக்கப் போன நாங்கள், "வயசு அப்படி, இன்னும் ஒரு மாசம் நல்லா ரெஸ்ட் எடுங்க காக்கா" என்று சொல்லி, டிரஸ்ட் வாக்கர் ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்தோம். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனாலும் அது தவறான யோசனை. பிறகு படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

நம் உடல் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் எலும்போடு ஒட்டிய தசைதான். அது நடக்கவும் தூக்கவும் மட்டும் உள்ளதல்ல, உடலின் புரதச் சேமிப்பும் அதுவே. வைரஸ் நுழைந்ததும் எதிர்ப்பு அணுக்களைப் பெருக்க உடலுக்குப் புரதம் அவசரமாகத் தேவைப்படுகிறது. நோயாளியோ சரியாகச் சாப்பிடுவதில்லை. வீட்டில் நெருக்கடி வந்தால் நகையை விற்பது போல, உடல் தசையை உடைத்துச் செலவழிக்கிறது. படுக்கை வேறு சேர்ந்துகொள்கிறது. நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் சராசரியாக ஒரு கிலோ அளவுக்குத் தசை குறைந்திருந்தது. காய்ச்சலோடு படுப்பவர் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த உடைப்பையும் கட்டுமானத்தையும் நடத்துபவை ஹார்மோன்கள். நோயின்போது கார்டிசால் என்ற ஹார்மோன் கூடும். அது தசைப் புரதத்தைக் கரைக்கும், சர்க்கரையையும் ஏற்றும். இன்சுலின் இதற்கு நேர்மாறாகத் தசையைக் காக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. சாப்பிட்ட பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசைதான் என்பதால், தசை குறைந்தால் சர்க்கரை மேலும் ஏறும். ஏறிய சர்க்கரை தசையை மேலும் கெடுக்கும்.

கொரோனாவில் இன்னொரு விஷயமும் வெளிச்சத்துக்கு வந்தது. இரத்த அழுத்தத்தைக் கூட்டும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன் அளவுக்கு மீறினால் தசையையும் கரைக்கும். அதை அடக்கும் ஏ.சி.இ.2 என்ற புரதத்தையே அந்த வைரஸ் செல்லுக்குள் நுழையும் வாசலாகப் பயன்படுத்தியது. இதனால் சமநிலை குலைந்து தசைச் சோர்வு நீடித்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். 2020-இல் இதையெல்லாம் அரைகுறையாகக் கேள்விப்பட்டு, பிரஷர் மாத்திரையைத் தாமாகவே நிறுத்தியவர்களை நாம் அறிவோம். நிறுத்தியதால் நன்மை இல்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

பலவீனம் நீடித்தால் காய்ச்சலை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. தைராய்டு குறைந்தாலும் கூடினாலும் தொடைத் தசை தளரும். வைட்டமின் டி குறைந்தாலும் அப்படியே. வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் நம் பெண்கள் "முட்டி வலி" என்று சொல்வதில் பாதி இதுவாக இருக்குமோ என்று எங்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. உடல்வலிக்கென்று பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் தொடை, தோள் தசைகளைக் கரைக்கும். அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பெரியவருக்குப் பரிசோதித்தபோது சர்க்கரை கட்டுக்குள் இல்லை, தைராய்டும் குறைவு. சிகிச்சையோடு உணவும் மாறியது. காய்ச்சல்காரருக்கு வெறும் அரிசிக் கஞ்சியே மருந்து என்பது நம் வீட்டு வழக்கம். அதில் புரதம் மிகக் குறைவு. பாசிப்பருப்பும் கைமாவும் போட்ட நம் நோன்புக் கஞ்சி எவ்வளவோ மேல்! முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல் ஆகியவற்றில் ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளவும்.

அதோடு அசைவும் வேண்டும். காய்ச்சல் விட்டதும் உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, ஐந்து முறையில் தொடங்கி மெல்லக் கூட்டுவது. மறுநாள் சோர்வு அதிகமானால் அளவைக் குறைத்துவிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு செய்யக் கூடாது. நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சிரைப்பு உள்ளவர்கள் முதலில் இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். பெரியவர் இரண்டு மாதத்தில் வாக்கரைத் திருப்பித் தந்துவிட்டார்.

ஃப்ளூ வந்த சிறு பிள்ளைகள் சிலர் கெண்டைக்கால் வலியால் திடீரென நடக்க மறுப்பார்கள். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே சரியாகும். ஆனால் பிள்ளையானாலும் பெரியவரானாலும் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்குப் பின் பாதத்தில் தொடங்கிய மரத்துப்போதலும் பலவீனமும் மேலே ஏறினால் இரவானாலும் காத்திருக்க வேண்டாம், மூச்சுத் தசை வரை போகக்கூடும். 108-ஐ அழையுங்கள்.