இது என்ன பனை?

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்துக் கிராமங்களில் பனை தெரியாதவர் இல்லை. எல்லோரும் அக்கானி குடித்து வளர்ந்தவர்கள். ஆனால், பெயர் தெரியாத ஒரு பனை காட்டோரத்தில் நின்றால் என்ன செய்வது?

ஒரு நாள் விறகு பொறுக்கப் போன பெண்கள் அப்படி ஒரு மரத்தைப் பார்த்தார்கள். பூக்குலை கூந்தல் போலத் தொங்கியது. கீழே சிவந்த பழங்கள் உதிர்ந்து கிடந்தன. ஒரு சிறுமி பழம் ஒன்றை எடுத்து வாயருகே கொண்டு போனாள்.

"மக்களே, கடிச்சிராதே! கீழே போடு!" என்று கூட வந்த பாட்டா சத்தம் போட்டார். அவர் நாற்பது வருடம் பனை ஏறியவர்.

"ஏன் பாட்டா? நல்ல பழம் மாதிரி இருக்கே?"

"பேர் தெரியாத மரத்துப் பழத்தைத் தின்னக்கூடாது. முதல்ல ஓலையைப் பாரு. எப்படி இருக்கு?"

"மீன் வால் மாதிரி இருக்கு."

"அதுதான் அடையாளம். இது சூண்டப்பனை. கூந்தல்பனைன்னும் சொல்லுவாங்க."

இந்தப் பழத்தின் சதையில் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் உண்டு. தொட்டால் கை அரிக்கும். தின்றால் வாயும் தொண்டையும் எரியும். ஆனால் மரம் கெட்ட மரம் அல்ல. இதன் ஓலை யானைக்குத் தீனி. இலங்கையில் இதைக் கித்துள் என்பார்கள். அதன் பாளையைச் சீவி, பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிறார்கள்.

எந்தப் பனையையும் அடையாளம் காண மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

1. ஓலை: பனைக்கும் குடைப்பனைக்கும் விசிறி போல இருக்கும். தென்னைக்கும் கமுகுக்கும் இறகு போல இருக்கும். சூண்டப்பனைக்கு மீன் வால் போல இருக்கும்.

2. தடி: பருத்ததா, மெலிந்ததா? கமுகு போல வளையம் உண்டா?

3. பூவும் காயும்: குடைப்பனை வாழ்நாளில் ஒரே முறைதான் பூக்கும். பல பத்து வருடம் வளர்ந்து, உச்சியில் பூத்து, காய்த்தபின் பட்டுப்போகும்.

நெய்யாறு பிறக்கும் அகத்தியமலைப் பக்கம் இன்னொரு பனை உண்டு. ஊரில் இருப்பவர்கள் அதைப் பார்த்திருப்பது அரிது. மெலிந்த தடி, வளையங்கள், இறகு போன்ற ஓலை. பார்த்தால் கமுகு என்றே தோன்றும். ஆனால் காய் பாக்கைவிடச் சிறியது. மலையில் இருப்பவர்கள் இதை வரைக்கமுகு என்பார்கள். வரை என்றால் மலை. பாறைப்பாக்கு என்ற பெயரும் உண்டு.

சென்னையில் மருத்துவராக இருந்த ஆண்ட்ரூ பெர்ரி இந்த மரத்தை ஆராய்ந்தார். 1832இல் அச்சான ராக்ஸ்பர்க்கின் தாவர நூலில் இது இடம் பெற்றது. இதன் அறிவியல் பெயர் பென்டிங்கியா கொண்டபன்னா. முன் பாதி பென்டிங்க் என்ற ஆங்கிலேய ஆளுநரின் பெயர். பின் பாதியில் இருப்பது நம் 'பனை'தான்!

கேரளம், தமிழ்நாடு மலைகளைத் தவிர உலகில் வேறு எந்தக் காட்டிலும் இது இல்லை. இதன் குருத்து யானைக்குப் பிடிக்கும். அதனால் யானை ஏற முடியாத செங்குத்துப் பாறைகளில்தான் பெரும்பாலும் மிஞ்சி நிற்கிறது. இது அழியும் ஆபத்தில் உள்ள மரம். கமுகுதானே என்று ஒருவர் வெட்டினால், போனது திரும்பி வராது.

தெரியாத பனையைக் கண்டால் வெட்டாதீர்கள். தின்னாதீர்கள். காப்புக் காட்டில் எதையும் பறிக்காதீர்கள். பார்த்த இடம், தேதி, ஓலை, தடி, காய் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். ஓலையைப் படம் வரையுங்கள். வனத்துறையினரிடம் காட்டுங்கள். திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் தாவர ஆராய்ச்சித் தோட்டம் இருக்கிறது. 1979இல் தொடங்கியது. அங்கேயும் கேட்கலாம்.

யோசித்து எழுதுங்கள்

1. சிறுமியைப் பாட்டா ஏன் தடுத்தார்?
2. வரைக்கமுகு ஏன் பாறையில் மட்டும் மிஞ்சியது?
3. உங்கள் ஊரில் எத்தனை வகைப் பனை உண்டு? பெயர்களை எழுதுங்கள்.