பழைய சர்வரின் பதிவேடு: இளம் வலையமைப்பு நிர்வாகிக்கு ஒரு திறந்த கடிதம்

வலையமைப்பு நிர்வாகத்துக்கு அண்மையில் வந்து சேர்ந்த இளைஞருக்கு,

வலையமைப்பில் இணையும் ஒவ்வொரு கணினிக்கும் ஐபி முகவரியைத் தானாக ஒதுக்கித் தரும் டிஎச்சிபி சேவையை, விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 இயங்கிய பழைய அலுவலக சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றியது குறித்து இளம் நிர்வாகி எழுதிய பணியறிக்கையே இக்கடிதத்துக்குக் காரணம். அந்தப் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபர் 10-ஆம் நாளோடு முடித்துக்கொண்டதால் மாற்றம் தேவைப்பட்டது என்பதையோ, கேட்கும் கணினிக்கும் கொடுக்கும் சர்வருக்கும் இடையே நான்கு செய்திகள் சென்று வந்து ஒரு முகவரி உறுதியாகும் முறையையோ அவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கவலை அளிப்பது அறிக்கையின் ஒரு பத்தி. ஸ்கோப்புகள் எனப்படும் முகவரி வரம்புகளைப் புதிய சர்வரில் கையால் மறுபடி உருவாக்கியதாகவும், வெள்ளிக்கிழமை மாலை பழைய சேவையை நிறுத்தியதாகவும், அடுத்த வாரம் சில கணினிகளில் முகவரி மோதல் தோன்றி, ரீஸ்டார்ட் செய்ததும் அது தீர்ந்ததாகவும் அப்பத்தி கூறுகிறது. பழைய சர்வரிலிருந்த லீஸ் பதிவுகள் என்னவாயின என்பது பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

லீஸ் என்பது, இன்ன கணினி இன்ன முகவரியை இன்ன நாள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று சர்வர் கொடுத்த வாக்கு. ஸ்கோப்பு, ரௌட்டர் முகவரி, டிஎன்எஸ் முகவரி முதலிய அமைப்புகளை எவரும் ஒரு மணி நேரத்தில் மறுபடி தட்டச்சு செய்துவிடலாம். ஆனால் ஏற்கெனவே கொடுக்கப்பட்ட வாக்குகளை நினைவிலிருந்து எவராலும் மறுபடி எழுத முடியாது. குடியிருப்பவர்களோடு ஒரு வீட்டை வாங்குபவர், பழைய உரிமையாளரிடமிருந்து வாடகை ஒப்பந்தங்களைக் கேட்டு வாங்காமல் சாவிக்கொத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, காலி என்று தாம் எண்ணிய அறைகளுக்குப் புதியவர்களைக் குடிவைத்தால் என்ன நேருமோ, அதுவே அந்த அலுவலகத்திலும் நேர்ந்தது.

விண்டோஸ் சர்வரில் லீஸின் இயல்பான காலம் 8 நாள். அக்காலத்தில் பாதி கழிந்ததும், அதாவது 4-ஆம் நாள், கணினி தனக்கு முகவரி தந்த அதே சர்வரிடம் நேரடியாகப் புதுப்பிப்புக் கேட்கிறது. அந்த சர்வர் மறைந்துவிட்டிருந்தால் பதில் வராது என்றாலும், காலத்தில் 87.5 விழுக்காடு, அதாவது 7 நாள், கழியும் வரை வேறு எந்த சர்வரையும் தேடாமல் பழைய முகவரியிலேயே வேலை செய்கிறது. அதன் பிறகே வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி குரல் கொடுக்கிறது. ஆகவே வியாழக்கிழமை லீஸ் பெற்ற ஒரு கணினி, அடுத்த வியாழன் வரை புதிய சர்வருக்குத் தன் இருப்பையே தெரிவிக்காமல் இயங்கக்கூடும். இடையில் கணினியை அணைத்து மறுபடி இயக்கினால் அது தன் பழைய முகவரியை உறுதிப்படுத்தக் கேட்கும். அப்போதும், தன்னிடம் பதிவில்லாத கணினிக்கு சர்வர் பதிலளிக்காமல் அமைதி காக்க வேண்டும் என்றே டிஎச்சிபியின் விதிநூலான ஆர்எஃப்சி 2131 கூறுகிறது. இவ்வாறு பேசாமலிருக்கும் கணினிகளின் முகவரிகள் வெறும் பதிவேட்டை வைத்திருக்கும் புதிய சர்வருக்குக் காலியானவையாகவே தெரிவதால், அவற்றை அது திங்கட்கிழமை வரும் புதிய மடிக்கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் கொடுத்துவிடுகிறது. கொடுப்பதற்கு முன் பிங் செய்து பார்க்கும் மோதல் சோதனை வசதி விண்டோஸ் சர்வரில் உண்டு என்றாலும் அது இயல்பாக முடக்கப்பட்டிருக்கும். இயக்கினாலும், உறங்கும் கணினியும் பிங்கைத் தடுக்கும் ஃபயர்வாலும் அதற்குப் பதில் சொல்வதில்லை. ரீஸ்டார்ட் செய்ததும் தீர்ந்தது என்று எழுதுவது, இந்தக் காரணத்தைக் காணாமல் அதன் அடையாளத்தை அழித்ததைத் தீர்வு என்று அழைப்பதாகும். பணியறிக்கையில் இதைவிடத் தீங்கான சொற்றொடர் இல்லை.

செய்திருக்க வேண்டியவை அரியவையும் அல்ல. எக்ஸ்போர்ட்-டிஎச்சிபிசர்வர் என்ற பவர்ஷெல் கட்டளையோடு லீசஸ் என்ற விருப்பத்தையும் சேர்த்து இயக்கினால் லீஸ் பதிவுகளும் கோப்பில் வந்துவிடும். அவ்விருப்பத்தை விட்டால் அமைப்புகள் மட்டுமே வரும். கோப்பை எடுத்ததற்கும் பழைய சேவையை நிறுத்தியதற்கும் இடையே வழங்கப்படும் லீஸ் அக்கோப்பில் இருக்காது என்பதால், அந்த இடைவெளியை இயன்ற அளவு குறைக்க வேண்டும். அதோடு, மாற்றத்துக்கு முன்பே லீஸ் காலத்தை 1 மணி நேரமாகச் சுருக்கியிருந்தால், ஒவ்வொரு கணினியும் 52.5 நிமிடத்துக்குள் புதிய சர்வரைத் தேடி வந்திருக்கும். ஆனால் சுருக்கிய காலம் ஒவ்வொரு கணினிக்கும் அதன் அடுத்த புதுப்பிப்பின்போதே போய்ச் சேரும் என்பதால், அதை முதல் நாள் செய்வதில் பயனில்லை, முழுமையாக 8 நாள் முன்பே செய்ய வேண்டும். ஐஎஸ்சி நிறுவனம் 2022-இல் தன் பழைய டிஎச்சிபி மென்பொருளின் பராமரிப்பை முடித்த பிறகு, அதிலிருந்து கியா மென்பொருளுக்கு மாறுவோருக்கும் லீஸ் பதிவுகள் பற்றிய இந்த எச்சரிக்கை பொருந்தும்; இரண்டின் லீஸ் கோப்புகளும் வெவ்வேறு வடிவம் கொண்டவை என்பதால், அமைப்புக் கோப்பை மாற்றியதோடு அங்கும் வேலை முடிவதில்லை.

இரண்டாவது குறை, அறிக்கையின் இணைப்பிலுள்ள ரிசர்வேஷன் பட்டியல். ரிசர்வேஷன் என்பது ஒரு குறிப்பிட்ட சாதனத்தின் வன்பொருள் முகவரிக்கு எப்போதும் ஒரே ஐபி முகவரியைத் தரும் ஏற்பாடு. பட்டியலில் பிரிண்டர், பிரிண்டர் புதியது, பிரிண்டர் புதியது 2 என்று பெயர்கள் வரிசையாக நிற்க, விளக்கத்துக்குரிய கட்டம் எல்லா வரிகளிலும் வெறுமையாக உள்ளது. அச்சாதனம் எந்த மாடியில் உள்ளது, யார் பொறுப்பில் உள்ளது, அதன் முகவரி மாறினால் எது நின்றுபோகும் என்பவற்றை எழுதாத ரிசர்வேஷனை, பின்னால் வருபவர் அழிக்கவும் அஞ்சுவார், வைத்திருக்கவும் காரணம் அறியார். இவ்வாறு சேர்ந்த குப்பை ஒவ்வொரு சர்வர் மாற்றத்திலும் அடுத்த சர்வருக்குச் சுமந்து செல்லப்படுகிறது.

இதில் இக்கடிதம் காட்டும் பிடிவாதத்துக்கு ஒரு தலைமுறையின் பழக்கம் அடிப்படை. 1985-இல் ஆர்எஃப்சி 951 வரையறுத்த பூட்பி நெறிமுறையில், தானாகச் சேரும் கணினி என்ற ஒன்றே கிடையாது. ஒவ்வொரு இயந்திரத்தின் வன்பொருள் முகவரியையும் நிர்வாகி தம் கையால் ஒரு கோப்பில் தட்டச்சு செய்தால்தான் அதற்கு முகவரி கிடைத்தது. டிஎச்சிபி 1993 அக்டோபரில் ஆர்எஃப்சி 1531 ஆக வெளிவந்து, ரால்ஃப் ட்ரோம்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 2131 வழியாக 1997 மார்ச்சில் இன்றைய வடிவம் பெற்ற பின்னரும், அன்றைய நிர்வாகிகள் பலர் கோடு போட்ட நோட்டு ஒன்றில் முகவரி, இயந்திரம், மேசை, பொறுப்பாளர், கொடுத்த தேதி என்று பத்தி பிரித்து எழுதுவதை விடவில்லை. ஒரு முகவரியை எடுத்துவிட்டால் அவ்வரியைக் கிழிக்காமல், குறுக்கே ஒரு கோடிட்டு, காரணத்தை அருகில் எழுதினர். சர்வர் பழுதானாலும் அந்த நோட்டைப் பார்த்து அலுவலகத்தை மறுபடி எழுப்ப முடிந்தது. தானியங்கி முறை நோட்டைத் தேவையற்றதாக்கிவிட்டது என்று நினைப்பவர்கள், அந்த நோட்டு சர்வருக்குள்ளேயே விளக்கக் கட்டமாக இடம்பெயர்ந்திருப்பதைக் கவனிப்பதில்லை.

இவ்வளவு சொன்ன பின், அறிக்கையின் ரிலே பகுதியைப் பற்றிச் சொல்லாமல் விடுவது அநீதியாகும். முகவரி கேட்கும் அறைகூவல் ரௌட்டரைத் தாண்டுவதில்லை என்பதால், ரௌட்டரிலுள்ள ரிலே அதை வாங்கி, எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பதற்கு அடையாளமாகத் தன் முகவரியைப் பொறித்து, சர்வருக்கு அனுப்புகிறது. சர்வரின் ஐபி முகவரி மாறினால் ஒவ்வொரு ரிலேயிலும் அதை மாற்றியாக வேண்டும். இளம் நிர்வாகி மாடிவாரியாக எல்லா ரிலேக்களையும் பட்டியலிட்டு, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இருந்த மதிப்புகளை எதிரெதிரே எழுதி, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு மடிக்கணினியை இணைத்துச் சோதித்து, பழைய சர்வருக்கு ஆக்டிவ் டைரக்டரியில் இருந்த அனுமதியையும் நீக்கியிருக்கிறார். அப்பக்கங்கள் குறையற்றவை, பல்லாண்டு அனுபவமுள்ளவர்களும் அவற்றை அப்படியே மாதிரியாகக் கொள்ளலாம்.

அந்தக் கவனத்தை லீஸ் பதிவேட்டுக்கும் ரிசர்வேஷன் விளக்கங்களுக்கும் அவர் நீட்டிக்க வேண்டும் என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள். அடுத்த மாற்றத்தின் அறிக்கை, பழைய சர்வரில் இருந்த லீஸ்களின் எண்ணிக்கையையும் புதிய சர்வரில் வந்து சேர்ந்தவற்றின் எண்ணிக்கையையும் முதல் வரியிலேயே தரட்டும். அவ்விரு எண்களும் ஒத்துவராத வரை பணி முடிந்தது என்று எழுதலாகாது.